காசு லாச்சிக்குள் ஒரு சித்திரக் கண்காட்சி

கண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். உயர்தரம் முடித்த மகன் 'கிரபிக் டிசைன்' படிக்கப் போகிறேன் என்று நிற்கிறானாம். "படம் கீறுவதால் நமது பலசரக்குக் கடைக்கு என்ன பிரயோசனம்? அவனைக் கடையில் இருத்துவதா, விடுவதா?" என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்விதான். அவருக்கு ஒரு வரியில் பதில் எழுதாமல், இந்த வாரப் பத்தியையே அதற்கு ஒதுக்குகிறேன்.

நமது வியாபாரிகளிடம் டிசைன் என்று சொன்னால் புடவையைத்தான் நினைப்பார்கள். சாரியின் கரை, சாரத்தின் கட்டம், அபாயாவின் கை வேலைப்பாடு ஆகியவற்றில் எது ஓடும், எது தேங்கும் என்பதை கெய்சர் வீதியில் பத்து வருடம் நின்றவர் தூக்கத்திலும் சொல்வார். அதே மனிதர் தனது பெயர்ப்பலகையையும், பில் புத்தகத்தையும், சரக்குப் பெக்கட்டையும் அச்சகத்துத் தம்பியிடம் "நல்ல மாதிரி ஒன்ன அடிச்சித் தாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அந்தத் தம்பியும் பாவம், பக்கத்துக் கடைக்காரருக்கு அடித்ததையே பெயரை மாற்றி அடித்துக் கொடுப்பார். விளைவு என்ன? ஒரே தெருவில் மூன்று மிளகாய்த்தூள், மூன்றிலும் ஒரே சிவப்பு, ஒரே நெருப்புச் சுவாலை. வாடிக்கையாளர் எதைப் பார்த்து நமது சரக்கைத் தெரிவு செய்வார்? விலையைப் பார்த்துத்தான். அங்கேதான் நமது இலாபம் போகிறது.

நல்ல படத்தை, நல்ல எழுத்தை, நல்ல பெட்டியை அடையாளம் காணும் கண் பிறவியில் வருவதல்ல. துணியைத் தொட்டுத் தொட்டுத் தரம் அறிந்ததுபோல, பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான். எங்கே பார்ப்பது என்பதே கேள்வி.

முதல் பாடம் லாச்சிக்குள் இருக்கிறது

காசு லாச்சியைத் திறவுங்கள். 2011ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்த நமது நோட்டுத் தொடரை வரிசையாக மேசையில் வையுங்கள். 20 ரூபா கபில நிறம் கலந்த சிவப்பு, 50 நீலம், 100 செம்மஞ்சள், 500 ஊதா, 1000 பச்சை, 5000 பொன்னிறம். எல்லாத் தாளும் ஒரே உயரம், 67 மில்லிமீற்றர். நீளம் மட்டும் பெறுமதி கூடக் கூட 5 மில்லிமீற்றர் வீதம் கூடிக்கொண்டு போகும். 20 ரூபாத் தாள் 128 மில்லிமீற்றர், 5000 ரூபாத் தாள் 153 மில்லிமீற்றர். விரலால் தடவினால் மேடான புள்ளிகள் தட்டுப்படும். 20க்கு ஒன்று, 5000க்கு ஆறு. கண் தெரியாத ஒருவர் ஏமாறாமல் காசு எண்ணுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

இதை அழகுக்காகச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவசரத்திலும் அரை இருட்டிலும் கை தவறக்கூடாது என்பதற்காகச் செய்தார்கள். இப்போது உங்கள் கடை இறாக்கையைப் பாருங்கள். 50 கிராம், 100 கிராம், 250 கிராம் மஞ்சள்தூள் மூன்றும் ஒரே பெக்கட், மூலையில் சின்ன எழுத்தில் மட்டும் நிறை மாறியிருக்கும். கடைப் பையன் மாற்றிக் கொடுத்தால் பையனுக்கு ஏச்சு விழுகிறது. ஏச வேண்டியது பெக்கட்டை.

அதே நோட்டுகளில் சித்திரமும் இருக்கிறது. 20 ரூபாத் தாளில் கொழும்புத் துறைமுகத்தோடு நமது நாட்டுக்கே உரிய ஒரு சிறிய ஆந்தை. 1000 ரூபாவில் றம்பொடை சுரங்கப்பாதையோடு ஒரு குட்டிக் கிளி. ஒவ்வொரு தாளிலும் ஒரு பறவை, ஒரு வண்ணத்துப்பூச்சி. நாளொன்றுக்கு நூறு தடவை கையில் எடுக்கும் நாம் எத்தனை பேர் அந்த ஆந்தையைப் பார்த்திருக்கிறோம்?

வயதானவர்களுக்கு இதற்கு முந்திய ஓர் ஆச்சரியமும் ஞாபகமிருக்கும். 1979ஆம் ஆண்டுத் தொடர். 2, 5, 10, 20, 50, 100 ரூபாத் தாள்களில் தலைவர்களின் முகம் இல்லை. மீன், பறவை, வண்ணத்துப்பூச்சி, பூ போன்றவைதான். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் தாளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதை வரைந்தவர் லக்கி சேனாநாயக்க. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவோடு வேலை செய்தவர். காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படிக்கட்டில் போத்துக்கேயரோடு சண்டையிடும் வீரர்களின் சிலைகளைச் செய்தவரும் அவரே. 2021இல் காலமானார். பழைய நாணயம், தாள் சேர்ப்பவர்களிடம் அந்தத் தொடர் கிடைக்கும். கண்டி வாசகரின் மகனுக்கு நான் சொல்லும் முதல் வேலை, ஒரு 2 ரூபாத் தாளைத் தேடி எடுத்து, அதைப் பார்த்து அல்ல, அதன் மாதிரியில் தனது ஊர்ச் செடியொன்றை வரைந்து வருவது.

கறுவாவா, வேறு பட்டையா?

இனி ஒரு சம்பவம். எனக்குத் தெரிந்த ஓர் இளம் வியாபாரி, நல்ல உழைப்பாளி, வெளிநாட்டுக்குக் கறுவா அனுப்ப அழகான பெட்டியொன்று அடித்தார். பளபளப்பான அட்டை, தங்க எழுத்து. அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

"எப்படி நாநா?"

"எழுத்து நல்லாயிருக்கு மகன். படத்தில இருக்கிறது யாருட சரக்கு?"

அவருக்கு விளங்கவில்லை. இணையத்தில் 'சினமன்' என்று தேடி எடுத்த படம் அது. படத்தில் இருந்தது தடித்த, இரண்டு பக்கமும் உள்ளே சுருண்ட ஒற்றைப் பட்டை. அது கெசியா. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. நமது கறுவாவோ, கடதாசி போல மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சுருட்டியது. குறுக்கே வெட்டினால் சுருட்டின் வாய் போல அடுக்கடுக்காகத் தெரியும். உலகச் சந்தையில் நாம் கூடுதல் விலை கேட்பதே அந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. நமது நாட்டுக்கு அவ்வகையில் கிடைத்த முதலாவது அது. பெட்டிக்குள் அந்தப் பெறுமதியான சரக்கு, பெட்டிக்கு மேலே போட்டிக்காரனின் படம்! வாங்குபவர் விஷயம் தெரிந்தவரென்றால், உள்ளே இருப்பதையும் சந்தேகப்படுவார்.

அந்தப் பிள்ளை அட்டையை மாற்றினார். செலவுதான். ஆனால் இன்று செயற்கை நுண்ணறிவில் படம் செய்து தருகிறோம் என்று வருபவர்கள் கூடியிருப்பதால் இதை எழுதுகிறேன். கணினி செய்து தரும் கறுவாவும் பெரும்பாலும் கெசியாவின் சாயல்தான். உலகில் அதிகம் இருக்கும் படம் அதுதானே. சரக்கைத் தெரிந்தவர் நாம். படம் சரியா என்று சொல்ல வேண்டியவரும் நாமே. அச்சகத்துத் தம்பிக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

ஆகவே உங்கள் சரக்கை நீங்களே படமெடுக்கப் பழகுங்கள். கையடக்கத் தொலைபேசி போதும். காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கடை வாசலருகே, வெயில் நேரே விழாத இடத்தில் ஒரு மேசை. டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் மஞ்சள்தூள்கூட நோயாளிபோல் தெரியும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், மறுபக்கத்தில் வெள்ளை அட்டையொன்றை நிமிர்த்தி வைத்தால் நிழல் மெலியும். தொலைபேசியைச் சரக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள். கிட்டப் போனால் போத்தல் வயிறு பெருத்துக் கோணலாகும். எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கிவிடும். மின்னஞ்சலில் அல்லது பென் டிரைவில் மூலப் பிரதியையே கொடுக்க வேண்டும். அச்சில் 10 சென்ரிமீற்றர் அகலம் வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 1200 புள்ளிகள் தேவை என்பது அச்சகத்தார் கணக்கு.

பக்கத்து வெளிச்சம் என்ன செய்யும் என்பதைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் லயனல் வென்ட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பவர். எனினும் இன்று உலகம் அவரை அறிந்திருப்பது கறுப்பு வெள்ளைப் படங்களால்தான். கொழும்பு 7இல் அவர் பெயரில் இருக்கும் மண்டபத்தை நாடகம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அங்கே கண்காட்சிக் கூடமும் உண்டு. அவருக்குப் பின் ஸ்டுடியோ டைம்ஸ் நிஹால் பெர்னாண்டோ நமது காடுகளையும் குளங்களையும் கிராமங்களையும் எடுத்தார். அவர் 2015இல் காலமானார். இவர்களது படங்களில் நமது நாடு சுற்றுலா அட்டை மாதிரி இருக்காது. வெலிகமயில் கம்பில் அமர்ந்து மீன் பிடிப்பவர்களை அமெரிக்கரான ஸ்டீவ் மெக்கரி 1995இல் எடுத்த படம் உலகம் சுற்றியது. இன்று அந்தப் பக்கம் போனால் மீனுக்காக அல்ல, போட்டோவுக்காகக் கம்பில் ஏறிக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தையே இன்னும் எத்தனை தேயிலைப் பெட்டியில் போடப் போகிறோம்?

கொம்பனித்தெருப் பிள்ளைகள்

நம்மவர்களிடம் இந்தக் கலை இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பு கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவர் பிரி ரஹ்மான். அழிந்துவரும் விலங்குகளையும் பறவைகளையும் மயிரிழை மயிரிழையாக வரைபவர். உயர்ந்த கட்டடங்கள் வந்து பழைய வீடுகள் போய்க்கொண்டிருந்த வேளையில், 2018 அளவில், தனது நண்பர்களோடு சேர்ந்து 'நாங்கள் இந்த இடத்துக்காரர்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு வேலையை ஆரம்பித்தார். அந்தத் தெருக்களின் மனிதர்களையும் கதைகளையும் வரைந்தும் படமெடுத்தும் பதிவு செய்வதே நோக்கம். அந்தக் குழுவில் இருந்த விக்கி ஷாஜஹான் நமது பெண்கள் கையில் போடும் மருதோன்றிக் கோலத்தின் சாயலில் வரைபவர். பெருநாளைக்கு முதல் நாள் இரவில் நமது வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இந்த வேலையைச் செய்கிறார்கள்! அதை ஒரு பெட்டியின் ஓரத்தில், ஒரு பையின் கைப்பிடிக்குக் கீழே போடலாம் என்று நமக்குத் தோன்றியதில்லை. டுபாயிலிருந்து வரும் அத்தர்ப் பெட்டியின் கரையைப் பார்த்துப் பிரதி எடுக்க மட்டும் தோன்றுகிறது.

இப்படிப்பட்டவர்களை எங்கே காண்பது? கொழும்பில் 'கலா பொல' என்ற திறந்தவெளிச் சித்திரச் சந்தை 1993இல் ஆரம்பமானது. பெரும்பாலும் வருட முற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் மரங்களின் கீழே நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. பேர் பெற்றவரும் பேர் பெறாதவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், விலை பேசலாம். புறக்கோட்டை மூடியிருக்கும் நாளில் அங்கே ஒரு சுற்று நடந்தால் லேபல் வரையத்தக்க நாலு கைகளையாவது கண்டுகொள்ளலாம். காலி வீதியில், கொள்ளுப்பிட்டியில் இருக்கும் 'பெயார்ஃபுட்' கடையையும் ஒரு தடவை பார்க்கச் சொல்வேன். பார்பரா சன்சோனி 1964இல் கைத்தறி நெய்யும் பெண்களோடு ஆரம்பித்தது. அவர் 2022இல் காலமானார். நமது புடவை வியாபாரிகள் அங்கே விலைச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். விலைச் சீட்டை விட்டுவிட்டு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இரண்டு பேர்

இந்தியாவின் அமுல் பட்டர் விளம்பரத்தைப் பார்க்காதவர் குறைவு. நீல முடி, புள்ளிச் சட்டை போட்ட சிறுமி. 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹா என்ற விளம்பரக்காரரும் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் என்ற ஓவியரும் சேர்ந்து உண்டாக்கியது. டகுன்ஹா 2023இல் காலமானார். பிள்ளை இன்னும் வளரவில்லை! கிரிக்கட், தேர்தல், சினிமா என்று நாட்டில் எது பேசப்படுகிறதோ அதை வைத்து விளம்பரப் பலகையில் ஒரு புதுச் சித்திரம், ஒரு சிலேடை வரி. பிள்ளை மாறவில்லை, சங்கதி மட்டும் மாறுகிறது. நமது ஆட்களோ அச்சகம் மாறும்போதெல்லாம் அடையாளச் சின்னத்தையும் மாற்றுகிறார்கள். வாப்பா காலத்தில் பிறை, மகன் காலத்தில் கழுகு, மருமகன் வந்ததும் ஆங்கில எழுத்து இரண்டு. வாடிக்கையாளர் எதைத்தான் ஞாபகம் வைப்பது?

மற்றவர் ஜப்பானின் முஜி. 'பெயரில்லாத நல்ல சரக்கு' என்பதே அதன் முழுப் பெயரின் கருத்து. 1980இல் 40 பொருட்களோடு ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒன்று உடைந்த காளான். முழுசாக இல்லாததால் தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படுவதை, "உடைந்தது, அதனால் மலிவு, ருசி ஒன்றுதான்" என்ற பாணியில் நேர்மையாக எழுதி, வெறும் கபில நிறப் பையில் விற்றார்கள். பகட்டான அட்டைக்குப் போகும் காசை விலையில் குறைத்தார்கள். பிற்காலத்தில், 2003இல், கென்யா ஹரா என்ற வடிவமைப்பாளர் அவர்களுக்கு ஒரு சுவரொட்டி செய்தார். பொலிவியா நாட்டின் உப்புப் பாலைவனத்தில், வானமும் தரையும் சந்திக்கும் கோடு, அதில் எறும்பு போல ஒரு மனிதர், கம்பனிப் பெயர். அவ்வளவுதான். விலை இல்லை, சரக்கின் படமும் இல்லை.

அந்தச் சுவரொட்டியை நம்மால் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஆனால் உடைந்த காளான் நமக்குரிய பாடம். கறுவாத் துண்டு, உடைந்த முந்திரி, மூட்டை அடியில் தங்கும் நொறுங்கிய பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் ஒளித்து வைத்துக் கலந்து விற்பதைவிட, உள்ளதை உள்ளபடி எழுதிய வெறும் கடதாசிப் பையில் விற்பது நேர்மையும்கூட, வியாபாரமும்கூட.

எழுத்தைக் கவனியுங்கள்

நமது லேபலில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இடம் கேட்கின்றன. கடைசியில் நசுங்குவது எப்போதும் தமிழ்தான். தமிழ்ச் சொல் நீளம், ஆகவே எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி அடிக்கிறார்கள். 'ற'வும் 'ர'வும் தெரியாத பையன் அடித்த பிழையோடு ஒரு வருடத்துக்கான பைகள் வந்து இறங்குகின்றன. இதற்கு மருந்து இருக்கிறது. இன்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாக, வியாபாரத்துக்கும் பாவிக்கக்கூடிய அனுமதியோடு கிடைக்கின்றன. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், தலைப்புக்குத் தடித்த பலூ தம்பி. கட்டமரானில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் எழுதியதுபோல் பொருந்தி வரும், தடிப்பு ஒன்பது வகை. சிங்களத்துக்கு புஷ்பானந்த ஏக்கநாயக்கவின் எழுத்தை அடியாகக் கொண்டு கொழும்பு மூனியக் குழுவினர் வெளியிட்ட அபய லிப்ரே. அச்சகத்துக்குப் போகும்போது இந்தப் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழை முதலில் வைத்து இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். நீளமானது அமர்ந்துவிட்டால் மற்றவை தாமாக அமரும்.

நிறத்திலும் ஓர் எச்சரிக்கை. கணினித் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் நீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் மின்னும் பச்சையும் செம்மஞ்சளும் அட்டையில் மங்கிவிடும். திரையைப் பார்த்து 'சரி' சொல்லாமல், அதே அட்டையில் ஒரு மாதிரிப் பிரதி அடித்து, வெளியே பகல் வெளிச்சத்தில் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.

பார்ப்பது வேறு, எடுப்பது வேறு

இவ்வளவையும் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துப் போட நினைப்பவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒருவர் வரைந்த சித்திரமும் எடுத்த படமும் பதிவு செய்யாமலே பாதுகாப்புப் பெற்றவை, அந்த உரிமை அவர் இறந்து 70 வருடம் வரை இருக்கும். இணையத்தில் கிடப்பதெல்லாம் தெருவில் கிடப்பது அல்ல. தெருவில் கிடப்பதையும் நாம் எடுக்கமாட்டோமே. உங்கள் சொந்தச் சின்னத்தைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில்தான் நம்மவர்களின் பெயர் கெடுகிறது. 5 இலட்சம் ரூபா பெயர்ப்பலகைச் சட்டத்துக்கும் மின்குமிழுக்கும் கொடுப்போம். அதில் வரும் படத்தை வரைந்த பிள்ளைக்கு 5,000 ரூபா கொடுக்கும்போது கை நடுங்கும். வேலை ஆரம்பிக்க முன் அரைவாசி, முடிந்ததும் மீதி, எத்தனை திருத்தம், மூலக் கோப்பு யாருக்கு, வேறு எந்தச் சரக்குக்குப் பாவிக்கலாம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். சாட்சிக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

கண்டி வாசகருக்கு: மகனைப் படிக்க விடுங்கள், ஆனால் சனிக்கிழமைகளில் கடைக்கும் வரட்டும். முதல் மாதம் எதுவும் வரைய வேண்டாம். வாடிக்கையாளர் இறாக்கைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்தப் பெக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார், எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பியோடு அவன் முதல் லேபலை வரையும்போது, அதற்கும் ஒரு கூலி குறித்துக் கொடுங்கள்.